பழைய அமெரிக்க வானொலி அறிவிப்பாளர்–நடிகர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி

1930 முதல் 1960 வரையிலான அமெரிக்க வானொலி அறிவிப்பாளர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் நாளே ஒரு முட்டுக்கட்டை வரும். அந்தக் குரலை நாடே வாராவாரம் கேட்டிருக்கும், ஆனால் பெயர் எந்தப் பட்டியலிலும் முழுதாக இருக்காது. சினிமாவில் பெயர்கள் திரையில் ஓடும். வானொலியில் நிகழ்ச்சி முடியும் கடைசி சில விநாடிகளில் அறிவிப்பாளர் தன் பெயரைத் தானே சொன்னால்தான் உண்டு. அதனால்தான் இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பாதி ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுத்தவையாக இருக்கின்றன. தப்பும் அப்படியே பரவுகிறது. இதற்கு ஒரே மருந்து தேதிதான். எந்த நாள், எந்த நெட்வொர்க் (பல நிலையங்களை இணைத்து ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பிய நிறுவனம்), எந்த நிகழ்ச்சி, என்ன வேலை என்று வரி வரியாக அட்டவணை போட்டபிறகே வாழ்க்கைக் கதையைத் தொட வேண்டும்.

என்ன வேலை செய்தார் என்பதை முதலில் பிரியுங்கள்

‘அறிவிப்பாளர்’ என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு வேலைகள் அடங்கியிருந்தன. நெட்வொர்க்கில் மாதச் சம்பளத்துக்கு இருந்தவர் ஸ்டாஃப் அறிவிப்பாளர். நிலையத்தின் பெயரைச் சொல்வது, ஒரு நிகழ்ச்சியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றுவது, விளம்பரதாரர் இல்லாத நிகழ்ச்சிகளை அறிமுகம் செய்வது இவருடைய பாடு. இவர் பெயர் பெரும்பாலும் வெளியே வராது. இரண்டாமவர் விளம்பரதாரருக்காகப் பேசுபவர். பெரிய நகைச்சுவை நிகழ்ச்சிகளில் இவரே ஒரு பாத்திரமாகிவிடுவார். ஜாக் பென்னி நிகழ்ச்சியில் டான் வில்சனும், ‘ஃபிபர் மெகீ அண்ட் மாலி’யில் ஹார்லோ வில்காக்ஸும் இந்த வகை. வில்காக்ஸ் கதைக்கு நடுவே நுழைந்து தரை மெழுகைப் பற்றிப் பேச்சை எப்படியாவது திருப்பிவிடுவார், மற்றவர்கள் அதை வைத்தே அவரைக் கிண்டல் செய்வார்கள். மூன்றாவது, நாடகத்தின் கதைசொல்லி. நான்காவது, பாத்திரமேற்று நடிப்பவர்.

ஒரே ஆள் ஒரே வாரத்தில் இந்த நான்கையும் செய்திருக்கலாம். எனவே அட்டவணையில் ‘வேலை’ என்று தனிக் கட்டம் வையுங்கள். ‘அந்த நிகழ்ச்சியில் இருந்தார்’ என்று மட்டும் குறித்துவைத்தால் மூன்று மாதம் கழித்து உங்களுக்கே எதுவும் புரியாது.

அட்டவணை

எந்த விரிதாள் மென்பொருளானாலும் போதும். கட்டங்கள்: ஆண்டு-மாதம்-நாள், கிழமை, நெட்வொர்க், தொடக்க நிலையம் (நிகழ்ச்சி கிளம்பிய இடம்), நிகழ்ச்சி, விளம்பரதாரர், வேலை, எதைக் கொண்டு உறுதி செய்தோம், உறுதியின் அளவு. கடைசிக் கட்டத்துக்கு மூன்று எழுத்து போதும். குரலை நீங்களே கேட்டு, பெயரும் சொல்லப்பட்டிருந்தால் ‘அ’. அந்தக் காலத்துப் பத்திரிகையோ ஸ்கிரிப்டோ சொன்னால் ‘ஆ’. பின்னாளில் யாரோ எழுதியது மட்டும் இருந்தால் ‘இ’. ‘இ’ வரிசையில் உள்ள எதையும் கட்டுரையில் உறுதியான வாக்கியமாக எழுதக் கூடாது.

கிழமைக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். நிகழ்ச்சிகள் வாரத்தில் குறிப்பிட்ட கிழமையில்தான் வரும், அதனால் தேதி தப்பா என்று கண்டுபிடிக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. ‘வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ நாடகம் ஒலிபரப்பான 1938 அக்டோபர் 30 ஞாயிற்றுக்கிழமை. அன்று சிபிஎஸ் அறிவிப்பாளராக இருந்தவர் டான் சீமோர். யாராவது அந்த நிகழ்ச்சியைத் திங்கள் என்று எழுதியிருந்தால், அந்தக் குறிப்பில் உள்ள மற்ற தேதிகளையும் சந்தேகப்பட வேண்டும்.

நெட்வொர்க்குகளின் பிறந்த ஆண்டுகளை அட்டவணையின் மேலேயே எழுதி வையுங்கள்: என்பிசி 1926, சிபிஎஸ் 1927, மியூச்சுவல் 1934. என்பிசிக்கு ரெட், புளூ என்று இரண்டு வலைகள் இருந்தன. புளூ 1943-ல் விற்கப்பட்டு, 1945-ல் ஏபிசி என்ற பெயரைப் பெற்றது. ‘1939-ல் ஏபிசியில் சேர்ந்தார்’ என்று எங்காவது படித்தால் அது நடக்க முடியாத காரியம். ஒன்று அவர் என்பிசி புளூவில் இருந்திருப்பார், அல்லது ஆண்டு தப்பு.

நிலையத்தின் அழைப்பெழுத்தும், அதாவது அதன் பெயராக அமைந்த எழுத்துகளும், உதவும். பொதுவாக மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே டபிள்யூ, மேற்கே கே. ஆனால் விதிவிலக்குகள் உண்டு: பிட்ஸ்பர்கின் கேடிகேஏ கிழக்கில் இருந்தும் கே-யில் தொடங்கும், அயோவாவின் டபிள்யூஎச்ஓ மேற்கில் இருந்தும் டபிள்யூ-வில் தொடங்கும். நிலையங்கள் ஊரும் மாறின. கேஒய்டபிள்யூ 1934-ல் சிகாகோவிலிருந்து பிலடெல்பியாவுக்குப் போய்விட்டது. இன்றைய நிலையத்தை வைத்து அன்றைய ஊரை முடிவு செய்தால் ஆளையே தப்பான நகரத்தில் குடிவைத்துவிடுவோம்.

ஒலிப்பதிவைக் கேட்கும் முறை

முழு நிகழ்ச்சியையும் முதலில் கேட்க வேண்டாம். முதல் இரண்டு நிமிடம், நடுவில் விளம்பரம் வரும் இடம், கடைசி ஒன்றரை நிமிடம். இந்த மூன்றிலும்தான் அறிவிப்பாளர் வேலை செய்கிறார். கடைசி அரை நிமிடத்தில் பெயர் வரும், அதையடுத்து நெட்வொர்க் அறிவிப்பு வரும், என்பிசி என்றால் மூன்று மணியோசை வரும். அந்த மணியோசைக்கு முன்னால் பேசுபவரும் நிகழ்ச்சியின் அறிவிப்பாளரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். கூர்ந்து கேளுங்கள். அறை எதிரொலி மாறினாலோ, பின்னணி இசை சட்டென்று அறுந்தாலோ வேறு மைக்கிலிருந்து பேச்சு வருகிறது என்று பொருள்.

அடுத்து வேகம். அந்தக் காலப் பதிவுகள் 16 அங்குலத் தட்டுகளில், நிமிடத்துக்கு 33⅓ சுற்றில், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 15 நிமிடமாகப் பதிவானவை. பிறகு நாடாவுக்கும் அங்கிருந்து கணினிக்கும் மாறும்போது வேகம் பிசகும். பிசகினால் குரலின் சுருதி மாறும், சுருதி மாறினால் ஆள் அடையாளமே மாறிவிடும். 1937 மே 6 அன்று ஹிண்டன்பர்க் விமானக்கப்பல் எரிந்ததை டபிள்யூஎல்எஸ் நிலையத்தின் ஹெர்பர்ட் மோரிசன் விவரித்த பதிவு இதற்குப் பெரிய சாட்சி. நாம் வழக்கமாகக் கேட்கும் நகல் அசல் வேகத்தைவிட விரைவாக ஓடுகிறது. அவருடைய இயல்பான குரல் அதைவிடக் கனமானது.

என்பிசி நிகழ்ச்சியென்றால் வேகத்தைச் சரிபார்க்க ஒரு சாவி கையிலேயே இருக்கிறது. அந்த மூன்று மணியோசையின் சுரங்கள் ஜி, ஈ, சி. அதிர்வெண் சுமார் 196, 330, 262 ஹெர்ட்ஸ். இசைக் கருவிகளுக்குச் சுருதி பார்க்கும் செயலி ஒன்றைத் திறந்து அந்த ஓசையை ஓடவிடுங்கள். முதல் ஓசை ஜி-க்குப் பதில் ஜி ஷார்ப் என்று காட்டினால் பதிவு அரைச் சுரம், அதாவது சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது. நேரமும் இதையே சொல்லும். அரைமணி நேர நிகழ்ச்சி பொதுவாக 29 நிமிடம் 30 விநாடிக்குப் பக்கத்தில் முடியும். அது 27 நிமிடம் 50 விநாடியில் முடிந்து, நடுவில் வெட்டும் தெரியவில்லை என்றால் கணக்கு பொருந்திவிட்டது. ஒலித்தொகுப்பு மென்பொருளில் சுருதியும் வேகமும் சேர்ந்து மாறும் வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும். வேகத்தை மட்டும் குறைத்தால் குரல் பழையபடி கீச்சென்றே நிற்கும்.

ராணுவ வானொலிச் சேவையின் தட்டுகளில் வேறொரு சிக்கல். 1942-ல் தொடங்கிய அந்தச் சேவை வெளிநாட்டில் இருந்த படையினருக்காக நெட்வொர்க் நிகழ்ச்சிகளை மறுபதிவு செய்தபோது விளம்பரங்களை வெட்டியது. விளம்பரம் போனால் அறிவிப்பாளரின் பெரும்பகுதிப் பேச்சும் போய்விடும். தொடக்கத்தில் ராணுவச் சேவையின் அறிவிப்பாளர் குரல் ஒட்டப்பட்டிருக்கும். இன்று பல நிகழ்ச்சிகள் இந்த வடிவத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. தொடக்கக் குரலைக் கேட்டுவிட்டு, ‘அந்த ஆண்டு அறிவிப்பாளர் மாறிவிட்டார்’ என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தப்பு.

கோப்பின் பெயரில் உள்ள தேதியை நம்பாதீர்கள்

சேகரிப்பாளர்கள் வைத்த தேதி பல நேரம் ஊகம்தான். நிகழ்ச்சிக்கு உள்ளேயே சான்று தேடுங்கள். எல்லாவற்றையும்விட உறுதியானது விளம்பரதாரர். ஜாக் பென்னி நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டால் 1934 முதல் 1942 வரை ஜெல்லோ இனிப்பு, 1942 முதல் 1944 வரை கிரேப்நட்ஸ் தானிய உணவு, 1944 அக்டோபரிலிருந்து லக்கி ஸ்ட்ரைக் சிகரெட். டான் வில்சன் ஜெல்லோவைப் பற்றிப் பேசுகிறார், கோப்பில் 1946 என்று இருக்கிறது என்றால் கோப்பைத்தான் திருத்த வேண்டும். ‘ஃபிபர் மெகீ’யில் ஜான்சன்ஸ் வாக்ஸ் தரை மெழுகு 1935 முதல் 1950 வரை நீடித்தது, எனவே அங்கே விளம்பரதாரர் பெயரை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது. போர்ப் பத்திர விற்பனை, பண்டிகை, தேர்தல், அன்று இடையே வந்த செய்தி அறிவிப்பு இவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகை நிகழ்ச்சி நிரலும் அப்படியே வேதவாக்கு அல்ல. அது முன்கூட்டியே அச்சானது. 1945 ஏப்ரல் 12 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் இறந்ததும் நெட்வொர்க்குகள் வழக்கமான பொழுதுபோக்கை நிறுத்திவிட்டன. மறுநாள் நிரலில் நகைச்சுவை நிகழ்ச்சி அச்சாகியிருக்கும், ஒலிபரப்பாகியிருக்காது.

நேர மண்டலமும் உண்டு. ஹாலிவுட்டில் மாலை 4 மணிக்குப் பேசினால் நியூயார்க்கில் 7 மணி. மேற்குக் கரைக்கு அது வேலை நேரம். அதனால் சில மணி நேரம் கழித்து அதே குழு அதே நிகழ்ச்சியை மறுபடி நேரடியாகச் செய்யும். என்பிசியும் சிபிஎஸ்ஸும் 1940-களின் பின்பாதி வரை பதிவு செய்த நிகழ்ச்சிகளை ஏற்கவில்லை. 1946 அக்டோபரில் பிங் கிராஸ்பி தன் நிகழ்ச்சியைத் தட்டில் பதிவு செய்தே ஒலிபரப்புவதற்கு ஏபிசிக்குப் போனார், அறிவிப்பாளர் கென் கார்பெண்டரும் கூடவே இருந்தார். ஆகவே ஒரே தேதியில் இரண்டு பதிவுகள் கிடைத்து, ஒன்றில் அறிவிப்பாளர் தடுமாறி மற்றொன்றில் சரளமாகப் பேசினால் குழம்ப வேண்டாம், ஒன்று கிழக்குக்கு, ஒன்று மேற்குக்கு.

நிகழ்ச்சியின் தேதி ஆளின் தேதி ஆகாது

பெரும்பாலான குறிப்புகள் சறுக்குவது இங்கேதான். ‘த லோன் ரேஞ்சர்’ என்ற சாகசத் தொடர் 1933-ல் டெட்ராய்ட்டின் டபிள்யூஎக்ஸ்ஒய்இசட் நிலையத்தில் தொடங்கியது. அதன் குரலாகப் பலரும் நினைவில் வைத்திருக்கும் ஃபிரெட் ஃபாய் அறிவிப்பாளராக வந்தது 1948-ல். அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்த பிரேஸ் பீமர், 1941-ல் நாயகக் குரலான எர்ல் கிரேசர் கார் விபத்தில் இறந்ததும் நாயகனாகவே மாறிவிட்டார். அறிவிப்பாளர் நடிகரான அந்த மாற்றத்தைத் தேதியோடு சொல்லாமல் விட்டால் பீமரின் வாழ்க்கையில் மிக முக்கியமான திருப்பமே காணாமல் போகும்.

ஜார்ஜ் ஃபென்னமன் இன்னும் நல்ல பயிற்சி. க்ரௌச்சோ மார்க்ஸ் நடத்திய ‘யூ பெட் யுவர் லைஃப்’ 1947-ல் ஏபிசியில் தொடங்கி, 1949-ல் சிபிஎஸ்ஸுக்கும் 1950-ல் என்பிசிக்கும் மாறியது, தொலைக்காட்சியில் 1961 வரை நடந்தது. ஆனால் தொடக்கத்தில் அறிவிப்பாளர் ஜாக் ஸ்லாட்டரி, ஃபென்னமன் பிறகு வந்தவர். 1949-ல் வந்த ‘டிராக்நெட்’ போலீஸ் தொடரிலோ இரண்டு அறிவிப்பாளர்கள்: ஃபென்னமன், ஹேல் கிப்னி. கதை உண்மை, பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டவை என்று சொல்வது ஃபென்னமன். அடுத்து நிகழ்ச்சியை விளக்குவது கிப்னி. இருவரையும் ஒருவராக எண்ணி, எல்லா வரிகளையும் ஃபென்னமன் கணக்கில் எழுதியவர்கள் உண்டு.

குரல் ஒற்றுமையை மட்டும் வைத்து யாரையும் அடையாளம் காட்டாதீர்கள். டான் அமீச்சி, ஜிம் அமீச்சி என்ற அண்ணன் தம்பி இருவரும் வானொலியில் இருந்தார்கள், குரலும் கிட்டத்தட்ட ஒன்று. சந்தேகமான பதிவை, அதே ஆண்டின் பெயர் உறுதியான பதிவோடு அடுத்தடுத்து ஓடவிட்டுக் கேளுங்கள். முழு வாக்கியத்தைவிட, நிறுவனப் பெயரை அழுத்தும் விதம், மூச்செடுக்கும் இடம், ‘எஸ்’ ஒலி இவைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். பத்து ஆண்டு இடைவெளி உள்ள பதிவுகளை ஒப்பிட்டால் பயனில்லை, சிகரெட்டும் வயதும் குரலை மாற்றியிருக்கும்.

பிறப்பு, பெயர், குடும்பம்: அரசு ஆவணங்கள்

மேடைப் பெயருக்குப் பின்னால் வேறு பெயர் இருக்கும். ‘த விஸ்லர்’ வானொலித் தொடரின் அறிவிப்பாளரும், தொலைக்காட்சியில் ‘த மில்லியனர்’ தொடரின் நடிகருமான மார்வின் மில்லர், செயின்ட் லூயிஸில் மார்வின் மியூலராகப் பிறந்தவர். இரண்டு பெயரிலும் தேடாவிட்டால் இளமைக்காலம் முழுக்கக் கிடைக்காது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டுக்குப் பிறகு வெளியாகும். 1940-ஆம் ஆண்டுத் தாள்கள் 2012-லும் 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்றும் திறக்கப்பட்டன. 1940 தாளில் முந்தைய ஆண்டின் சம்பளம் உண்டு, ஆனால் 5,000 டாலரைத் தாண்டினால் ‘5000+’ என்றுதான் எழுதுவார்கள். இதில் ஒரு வலை இருக்கிறது. சம்பளக் கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் உடனே வேலையில்லாதவர் என்று முடிவு கட்டாதீர்கள். நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று தனியாக வாங்கியவரின் வருமானம் சம்பளமாகக் கணக்கில் வராது. பக்கத்துக் கட்டத்தில் ‘வேறு வருமானம் 50 டாலர் அல்லது அதற்கு மேல்’ என்பதற்கு ‘ஆம்’ இருக்கிறதா என்று பாருங்கள். அதே தாளில் 1935 ஏப்ரல் 1 அன்று எங்கே வசித்தார் என்ற கேள்வியும் உண்டு. சிறு ஊர் நிலையத்திலிருந்து நெட்வொர்க்குக்கு வந்த பயணத்தைப் பிடிக்க இது அருமையான வழி.

வயதை மட்டும் வைத்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டால் ஓராண்டு பிசகும், கணக்கெடுப்பு நாளுக்குப் பிறகு பிறந்தநாள் வந்திருக்கலாம். அதைவிட நம்பகமானது கட்டாயப் படைச் சேவைக்கான ராணுவப் பதிவு அட்டை. 1940 அக்டோபர் 16 அன்று 21 முதல் 35 வயது வரையுள்ள ஆண்கள் பதிவு செய்தார்கள். பிறந்த தேதி, பிறந்த இடம், வேலை தரும் நிறுவனம், கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். விளம்பரத்துக்காக வயதைக் குறைத்துச் சொன்ன நடிகர்கள் இங்கே பெரும்பாலும் உண்மையைத்தான் எழுதினார்கள்.

படையில் இருந்தவரென்றால் சேவைக் கோப்பு கேட்கலாம். ஆனால் 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் எரிந்துபோயின. பதில் ‘கோப்பு இல்லை’ என்று வந்தால் அவர் படையில் இருந்ததே பொய் என்று எழுதிவிடாதீர்கள்.

வெளிநாட்டில் பிறந்த அமெரிக்கர்களும் இருந்தார்கள். ஃபென்னமன் பிறந்தது 1919-ல் பீக்கிங்கில், வளர்ந்தது சான்ஃபிரான்சிஸ்கோவில். இப்படிப்பட்டவர்களுக்கு ஊர்ப் பிறப்புப் பதிவேட்டைத் தேடி நேரத்தைப் போக்காமல் கப்பல் பயணிகள் பட்டியலுக்குப் போங்கள்.

வாய்மொழிக் கதைகள்

வானொலிக்காரர்கள் கதை சொல்லிப் பிழைத்தவர்கள், தங்கள் கதையையும் நன்றாகவே சொல்வார்கள். ரொனால்ட் ரீகன் 1937-ல் ஹாலிவுட்டுக்குப் போகும்முன் டபிள்யூஎச்ஓ நிலையத்தில் விளையாட்டு அறிவிப்பாளர். தந்தியில் வரும் சுருக்கக் குறிப்பை வைத்து, ஸ்டுடியோவில் உட்கார்ந்தபடியே சிகாகோ கப்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டத்தை நேரில் பார்ப்பதுபோல் விவரிப்பார். ஒருமுறை தந்தி அறுந்துபோக, கம்பி சரியாகும் வரை பந்தை ஓரமாகவே அடிக்கவைத்துச் சமாளித்ததாக வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். இதை எழுதலாம், ‘அவர் சொன்னபடி’ என்று சேர்த்து. அவர் டபிள்யூஎச்ஓ-வில் இருந்தது உறுதியான செய்தி. தந்தி அறுந்தது அவர் வாக்குமூலம். இரண்டையும் ஒரே தொனியில் எழுதக் கூடாது.

அறிவிப்பாளர் ஹாரி வான் ஜெல் அதிபர் ஹூவரின் பெயரைப் புரட்டிச் சொன்ன கதையில் இன்னும் கவனம் வேண்டும். இப்படிப்பட்ட வானொலித் தடுமாற்றங்களைத் தொகுத்து 1950-களில் கெர்மிட் ஷேஃபர் வெளியிட்ட தட்டுகளில் பல, அசல் ஒலிபரப்பு அல்ல, பின்னால் நடித்துப் பதிவு செய்தவை. ‘ஒலியே இருக்கிறதே’ என்று அதை ‘அ’ வரிசையில் சேர்த்தால் உங்கள் அட்டவணையே கெட்டுவிடும்.

எழுதும்போது

அட்டவணையில் முந்நூறு வரி சேர்ந்திருக்கும். அத்தனையும் கட்டுரையில் வேண்டாம். நிலையம், நெட்வொர்க், நீண்டகால விளம்பரதாரர், சினிமா, தொலைக்காட்சி என்று அவர் பிழைப்பு மாறிய இடங்களில் பத்தி பிரியுங்கள். சினிமாவில் அறிவிப்பாளர்களுக்குப் பெரும்பாலும் பெயர் போடாத சிறு வேடம்தான், அல்லது குரல் மட்டும். எனவே ‘நடித்தார்’, ‘குரல் தந்தார்’, ‘பெயர் இல்லாமல் தோன்றினார்’ என்ற மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். ஃபென்னமன் 1951-ல் வந்த ‘த திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்’ படத்தில் விஞ்ஞானியாகவே நடித்தார், அதை நடிப்பு என்றே எழுதலாம்.

‘1940-களில் பல புகழ்பெற்ற நிகழ்ச்சிகளில் பணியாற்றினார்’ என்ற வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. ‘1934 முதல் ஜாக் பென்னியின் அறிவிப்பாளர். விளம்பரதாரர்கள் மாறினார்கள், வில்சன் மாறவில்லை’ என்று எழுதினால் ஆள் கண்முன் நிற்பார். ‘முதல்’, ‘ஒரே’, ‘மிகச் சிறந்த’ இவற்றை ‘அ’ வரிசைச் சான்று இருந்தாலொழியத் தொடாதீர்கள்.

தொழிற்சங்கத்தின் பெயரையும் ஆண்டுக்கு ஏற்ப எழுதுங்கள். வானொலிக் கலைஞர் சங்கம் 1937-ல் ஏஎஃப்ஆர்ஏ, தொலைக்காட்சியையும் சேர்த்து 1952-ல் ஏஎஃப்டிஆர்ஏ, 2012-ல் நடிகர் சங்கத்தோடு இணைந்து எஸ்ஏஜி-ஏஎஃப்டிஆர்ஏ. 1938-ல் ஒருவர் ஏஎஃப்டிஆர்ஏவில் சேர முடியாது.

ஒலித்துண்டைக் கட்டுரையோடு இணைப்பதாக இருந்தால் உரிமையைப் பாருங்கள். 2018-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி 1923 முதல் 1946 வரை வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுகளுக்கு 100 ஆண்டும், 1947 முதல் 1956 வரையிலானவற்றுக்கு 110 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. ‘பழசுதானே’ என்று முழு நிகழ்ச்சியையும் ஏற்றிவிட முடியாது. ஸ்டுடியோ விளம்பரப் படங்களில் 1978-க்கு முன் உரிமைக் குறிப்பு இல்லாமல் வெளியானவை யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுவுடைமை, அதனால் படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். உரிமைக் குறிப்பு அங்கே அச்சாகியிருக்கலாம், பல நேரம் தேதி முத்திரையும் அங்கேதான் குத்தியிருப்பார்கள்.